கடற்கரை மணலுக்கு வராத பயிற்சியாளர்

2006 ஜூலை 9, பெர்லின். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 110-வது நிமிடத்தில் பிரான்ஸ் அணித் தலைவர் ஜினடின் ஜிடேன் திரும்பி வந்து, இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் நெஞ்சில் தலையால் முட்டினார். முட்டியவருக்குச் சிவப்பு அட்டை. முட்டு வாங்கியவருக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்ட ஓர் அடையாளம். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் புதுச்சேரியில் மார்கோ மட்டராசி என்று சொன்னால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு நொடிதான். ஆனால் அதே இரவில் அந்த மனிதர் செய்தவை வேறு பல. ஏழாவது நிமிடத்தில் பிரான்ஸுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானவர் அவர். பிர்லோ அடித்த கார்னர் பந்துக்குக் கூட்டத்தின் மேலே எழும்பி, 19-வது நிமிடத்தில் தலையால் அடித்துச் சமன் செய்தவரும் அவர். கடைசியில் பெனால்டி வரிசையில் தன் பந்தைத் தவறாமல் வலைக்குள் சேர்த்து, 5-3 என்ற வெற்றியில் பங்கு கொண்டார். அந்த மட்டராசி 2014 முதல் 2016 வரை மூன்று பருவங்கள் நம் பக்கத்துச் சென்னையில் பயிற்சியாளராக நின்றார். கோப்பையும் வென்றார். அந்த மூன்று ஆண்டுகளை நாம் இதுவரை தவறாகக் கணக்கிட்டு வந்திருக்கிறோம் என்பதே என் வாதம். நட்சத்திரம் ஒருவர் வந்து வென்று தந்ததை வரவில் எழுதினோம். அந்த நட்சத்திரத்தை உருவாக்கிய ஏணி எதுவென்று கேட்டு, அதை இங்கே நட முயலவில்லை.

அந்த ஏணி எப்படிப்பட்டது என்பதை அவருடைய இளமையே காட்டும். 1973-ல் இத்தாலியின் தென்கோடியில் லெச்சே நகரில் பிறந்தார். தந்தை ஜூசெப்பே மட்டராசி ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். லாசியோ போன்ற பெரிய கிளப்புகளுக்கும் பயிற்சி தந்தவர். பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளை என்பதால் வழி தானாகத் திறந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடந்தது வேறு. பெரிய கிளப் எதுவும் அவரை இளம் வயதில் வாரி எடுத்துக்கொள்ளவில்லை. ரோம் நகரத்து டோர் டி குயின்டோ என்ற அமெச்சூர் அணி, பிறகு சிசிலித் தீவின் மர்சாலா, அதன்பின் டிரபானி என்று கீழ்நிலை லீக்குகளில் ஆடினார். டிரபானி உப்பளங்களுக்கும் மீன்பிடிக்கும் பேர்போன கடற்கரை ஊர். கனகசெட்டிக்குளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கிறோமே, அதே வெள்ளைப் பாத்திகள், அதே உப்புக்காற்று. அப்படியோர் ஊரின் அணிக்காக 21 வயதில் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர் 12 ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். இத்தாலிய தேசிய அணிக்கு அவர் முதன்முதலில் ஆடியது 2001 ஏப்ரலில். அப்போது அவருக்கு வயது 27. நம் ஊரில் 27 வயதுக் கால்பந்துக்காரர் பெரும்பாலும் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலை தேடி முடித்திருப்பார்.

டிரபானி என்ற ஊரில் சம்பளம் தரும் அணி இருந்தது. அந்த அணியை வழிநடத்தத் தொழில் படித்த ஒருவர் இருந்தார். நன்றாக ஆடினால் மேல்நிலைக்குப் போகலாம் என்ற கதவும் இருந்தது. பெருஜியா அணி அவரை அங்கிருந்து அழைத்துக்கொண்டது. இடையில் மறுபடி மூன்றாம் நிலைக்கு, கார்ப்பி என்ற அணிக்கு, அனுப்பியும் வைத்தது. ஏணி என்றால் ஏறுவதற்கு மட்டுமில்லை, இறங்கி மறுபடி ஏறுவதற்கும்தான். 2000-01 பருவத்தில் பெருஜியாவுக்காக அவர் அடித்த 12 கோல்கள், முதல்நிலை லீக்கில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரே பருவத்தில் அடித்த சாதனை எண்ணிக்கை. அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லா வைத்திருந்த 11 கோல் சாதனையை அது முந்தியது. அந்தப் பருவத்தில் பெருஜியாவின் பயிற்சியாளராக இருந்த செர்சே கோஸ்மியும் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் இல்லை. அமெச்சூர் நிலையில் கிடந்த அரெஸ்ஸோ என்ற சிறுநகர அணியைப் படிப்படியாக மேலே கொண்டுவந்து, அந்தத் திறமைக்காக முதல்நிலை லீக்குக்கு அழைக்கப்பட்டவர். ஆட்டக்காரருக்கு ஓர் ஏணி, பயிற்சியாளருக்கு ஓர் ஏணி. இரண்டிலும் கீழிருந்து வந்த இருவர் பெருஜியாவில் சந்தித்தபோது அந்த 12 கோல் பிறந்தது.

மட்டராசியைப் புனிதராக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் எவர்டன் அணியில் ஆடிய ஒரே பருவத்தில் பலமுறை வெளியேற்றப்பட்டார். 2004-ல் சியனா அணியின் புரூனோ சிரில்லோவை ஆட்டம் முடிந்ததும் குத்தி, இரண்டு மாதத் தடை வாங்கினார். அதே 2006 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்றார். ஜிடேனைச் சீண்டிய சொற்களுக்காக ஃபிஃபா அவருக்கும் இரண்டு ஆட்டத் தடை விதித்தது. ஆனால் இந்த முரட்டு மனிதருக்குள் இன்னொரு குணமும் இருந்தது. இன்டர் மிலான் அணியில் 10 ஆண்டுகள் ஆடியதில் கடைசி ஆண்டுகளைப் பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கையிலேயே கழித்தார். 2010 மே 22 அன்று மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், இரண்டு கோலும் அடித்த மிலிட்டோவை வெளியே அழைத்துவிட்டுக் கடைசிச் சில நொடிகளுக்கு மட்டும் மட்டராசியை உள்ளே அனுப்பினார் பயிற்சியாளர் ஜோசே மொரினியோ. அன்றிரவு மைதானத்துக்கு வெளியே காரிலிருந்து இறங்கி வந்த மொரினியோவும் சுவரோரம் நின்ற மட்டராசியும் கட்டிப்பிடித்து அழுத காட்சியை உலகமே பார்த்தது. சில நொடிகள் மட்டுமே ஆட வைத்த பயிற்சியாளருக்காக ஒரு வீரர் அப்படி அழுகிறார் என்றால், பயிற்சியாளர் என்பவர் ஓர் அணிக்குள் என்னவாக இருக்க முடியும் என்று அவர் கிட்டத்தில் இருந்து கற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் கல்வியோடுதான் 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்துக்குச் சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்தார். அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 41 வயதில் பயிற்சியாளரும் அவரே, தேவைப்படும்போது களமிறங்கும் தடுப்பாட்டக்காரரும் அவரே. பெர்லின் பெனால்டி வரிசையில் பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்துத் தவறவிட்ட பிரான்ஸ் வீரர் டேவிட் டிரெசகே அதே ஆண்டு புனே அணிக்கு ஆட வந்திருந்தார். அப்படி நட்சத்திரங்களை இறக்கிக் கூட்டம் சேர்த்த லீக் அது. முதல் பருவத்தில் சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் மூன்று கோலையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் கேரள அணியின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் முடிந்தது. மறு ஆண்டு கதை இன்னும் சோதனையானது. பருவத்தின் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்திருந்த நாள்கள் அவை. கடைசி லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்த அணி, சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதியாட்டம். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2-1 என்று முன்னிலை. அரங்கம் முழுக்க உள்ளூர்க்காரர்கள், கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் சென்னையின் மென்டோசா அடித்தார். 3-2.

இந்த வெற்றியைப் பார்த்து, நட்சத்திரம்தான் தீர்வு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெள்ளத்தில் முடங்கிய ஊரின் அணியை, பட்டியலின் அடியில் இருந்து தூக்கி நிறுத்தியது சாதாரண வேலை இல்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2015-ல் லீக்கின் சிறந்த வளரும் வீரர் பரிசை அவருடைய அணியின் ஜெஜே லால்பெக்லுவா பெற்றார். 2016-ல் 18 வயது ஜெர்ரி லால்ரின்சுவாலாவை இடது பின்களத்தில் நம்பி இறக்கினார். அந்த ஆண்டு அதே பரிசு ஜெர்ரிக்கு. பின்னாளில் இந்திய நடுக்களத்தின் முகங்களில் ஒருவரான அனிருத் தாபாவையும் சென்னை எடுத்தது அந்தப் பருவத்தில்தான். 2018 மார்ச்சில் ஜான் கிரிகரியின் பயிற்சியில் சென்னை இரண்டாவது கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தின் மூன்று கோலையும் அடித்த மைல்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகுஸ்தோ இருவரும் மட்டராசி காலத்தில் வந்தவர்கள். ஆக, பெயரை வைத்துக் கூட்டம் சேர்க்க மட்டும் வந்தவர் என்று அவரைச் சொல்வது அநியாயம். அதே நேரத்தில் 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடத்துக்குச் சரிந்ததும், 2017-ல் விலகியபின் எந்தப் பெரிய அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்காததும் உண்மை. உணர்ச்சியால் ஓர் அணியைத் தூக்கிவிட முடிந்தவர், ஆண்டுக்கணக்கில் கட்டி நிறுத்தும் தொழிலில் முழுமை பெறவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆட்டம் ஒரு தொழில், பயிற்றுவித்தல் இன்னொரு தொழில்.

அந்த இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ஜெஜேயும் ஜெர்ரியும் மிசோரம், தாபா டேராடூன். சென்னை என்ற பெயரைச் சுமந்த அணியில் ஓர் இத்தாலியர் மெருகேற்றியது பெரும்பாலும் மலைநாட்டுப் பிள்ளைகளை. இதில் அவர்மேல் குற்றமில்லை. 2014-ல் ஐந்து இந்தியர்கள் களத்தில் இருந்தாக வேண்டும் என்பதே விதி. பயிற்சியாளர் தயாராக இருப்பவர்களில் நல்லவரைத் தேர்ந்தெடுப்பார். மிசோரத்தில் தயாராக இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். மக்கள்தொகையில் நம்மைவிடச் சிறிய மாநிலம் அது. அது 2012-ல் தனக்கென ஒரு பிரீமியர் லீக்கைத் தொடங்கியது. 2014-ல் சந்தோஷ் கோப்பையை வென்றது. 2017-ல் அதன் தலைநகரத்து அய்சால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. சிறிய ஊர், பணமில்லை, ஆளில்லை என்று நாம் சொல்லிவரும் எல்லாக் காரணங்களுக்கும் மிசோரம் பதில் சொல்லிவிட்டது. ஊர்தோறும் ஆட்டம், ஆண்டுதோறும் லீக், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆள். நட்சத்திரம் யாரும் அங்கே போய்க் குடியிருக்கவில்லை.

இத்தாலியின் உண்மையான பலமும் இதுவே. பிளாரன்ஸ் நகரத்தை ஒட்டிய கொவெர்சானோவில் 1958 முதல் ஒரு பயிற்சி மையம் இயங்குகிறது. பயிற்சியாளராக விரும்புகிறவர், அவர் எத்தனை கோப்பை வென்றவராக இருந்தாலும், அங்கே வகுப்பில் உட்கார்ந்து படித்து, உயர்நிலைச் சான்றிதழுக்கு ஆய்வேடு எழுதித் தர வேண்டும். 2006-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்து கன்னவாரோ, கட்டுசோ, பிர்லோ, நெஸ்டா, டி ரோசி, குரோசோ, பிலிப்போ இன்சாகி, ஜிலார்டினோ என்று வரிசையாகப் பயிற்சியாளர்கள் கிளம்பியது தற்செயல் இல்லை. 2016-ல் டெல்லி அணிக்குப் பயிற்சி தந்த சம்புரோட்டாவும் அந்த அணிக்காரரே. அதே நாட்டில்தான் தொழில்முறை ஆட்டமே ஆடாத அரிகோ சாக்கி, தந்தையின் செருப்புத் தொழிற்சாலைக்கு வேலை பார்த்தவர், பயிற்சியாளராகப் படித்து உயர்ந்து ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையைத் தேடித்தந்தார். அந்த இத்தாலிதான் 2018, 2022 உலகக் கோப்பைகளுக்குத் தகுதியே பெறவில்லையே, அதன் பாடம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2021-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையை வென்றதும் அதே நாடு. 2025-ல் பிரேசிலே தன் தேசிய அணியைக் கார்லோ அன்செலோட்டி என்ற இத்தாலியரிடம் ஒப்படைத்தது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் சோர்ந்தாலும், பயிற்றுவிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அடுத்த தலைமுறையை எடுத்துவிடலாம். பயிற்றுவிக்கவே ஆளில்லாத ஊரில் எந்தத் தலைமுறையும் எழும்பாது.

இத்தாலி வரை போகவேண்டிய தேவையும் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது கடலூர். ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துச் சென்ற பிறகு, அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடம் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகள் பந்து பழகினார்கள். அவருடைய அகாடமி பெரிய முதலாளி யாரும் நடத்தியது இல்லை. அந்தக் கடலூரில் இருந்துதான் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் வந்தார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், கோப்பையைத் தன் சொத்தாகவே வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு வென்றதே, அதில் இந்துமதிக்கும் பங்கு உண்டு. 2023-ல் தமிழ்நாடு மறுபடியும் வென்றது. சென்னைக்குக் கோப்பை கொண்டுவந்த இத்தாலியரின் பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு மாரியப்பனின் பெயர் தெரியும்? பத்திரிகைகளும் இந்தக் குறையில் பங்குதாரர்கள்தான்.

ஒரு நல்ல பயிற்சியாளர் இருந்தால் மட்டும் போதாது, மேலே போகக் கதவும் வேண்டும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் மைதானத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சி தந்த அணி. தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் ஆடிய அணி. டிரபானி வென்றால் மேல்நிலை லீக்குக்குப் போகும். சென்னை சிட்டிக்கு அந்த வழி அப்போது இல்லை, சூப்பர் லீக்கின் கதவு மூடியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீக்கிலிருந்தே மறைந்துபோனது. ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி 2022-23 பருவத்தில் வந்து, பஞ்சாப் அணி ஏறியபோது, ஏற வேண்டிய தமிழ் அணி களத்தில் இல்லை. அந்த இழப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இது கிரிக்கெட் மண், இங்கே கால்பந்துக்குச் செலவழிப்பது வீண் என்று சொல்கிறவர்கள் கடற்கரைக்கு வந்து பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் மூன்று மணி நேரம் வந்தால் புதுச்சேரி எல்லையில் முதலில் வருகிற ஊர் கனகசெட்டிக்குளம். மீனவர் ஊர். இதுபோன்ற ஊர்களில் படகுகளைக் கரையேற்றிய பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், இரண்டு ஜோடிச் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து வெறுங்காலோடு ஆடுவார்கள். ஈர மணலில் ஓடிப் பழகிய கால், வலை இழுத்து உரமேறிய தோள், அலையின் ஆட்டத்தில் படகில் நின்று பழகிய உடல். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை மீனவ ஊரிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனார் என்றால், அதே தொழில், அதே கடல் உள்ள வடக்குக் கரையிலிருந்து ஒருவர் போக முடியாதா? குமரிக் கரையில் ஊருக்கு ஊர் கிளப்பும் போட்டியும் தலைமுறைகளாக நடக்கின்றன. இங்கே ஆட்டம் இருக்கிறது, ஆசை இருக்கிறது. பந்தை எந்தக் காலால் வாங்க வேண்டும், எப்போது ஓடாமல் நிற்க வேண்டும் என்று பத்து வயதில் சொல்லித்தர ஆள் இல்லை. இருபது வயதில் மட்டராசியே வந்து சொன்னாலும் அது காலம் கடந்த பாடம்.

செலவு என்ன ஆகும் என்று கேட்பார்கள். பெரிய நட்சத்திரம் ஒருவரை ஒரு பருவத்துக்கு அழைக்கும் தொகையை வைத்துப் பேச வேண்டாம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் டி உரிமப் பயிற்சி வகுப்பு சில நாள்களில் முடியக்கூடியது, அடிப்படைப் பயிற்சியாளருக்கானது. அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்று படிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஆட்டத்தை விட்ட முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். உடற்கல்வி வாத்தியாருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, கபடி முதல் அணிவகுப்பு வரை அவரே பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் ஊரின் முன்னாள் ஆட்டக்காரரையும் அவரோடு சேர்க்க வேண்டும் என்கிறேன். அவருக்கு மாதம் ஒரு சிறு ஊதியம் கொடுத்தால் மாலை நேரத்தை அவர் பார்த்துக்கொள்வார். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. வகுப்பு நடத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி அரசின் விளையாட்டுத் துறையும் கால்பந்துச் சங்கமும் வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் காலாப்பட்டுப் பகுதியின் பள்ளிகளிலிருந்தும் கனகசெட்டிக்குளம் முதலான மீனவ ஊர்களிலிருந்தும் ஊருக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து அந்த வகுப்புக்கு அனுப்பட்டும். படித்து வந்தவர்களின் கழுத்தில் விசில் தொங்கும் அன்று மாலையே, வயதுவாரியான லீக் ஒன்றின் முதல் ஆட்டத்தை இந்தக் கரையில் தொடங்கிவிடலாம்.